ராத்தா கொடுக்க மறுத்த பன்னீர்

எங்கள் ராத்தா மறைந்து ஓராண்டாகும் கத்தத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் என் ஸலாம். ராத்தாவை உங்களில் பலர் ‘பன்னீர் வீட்டுக்காரி’ என்றே அறிவீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்ததை அவருடைய ஒரே தங்கை நான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ராத்தா பாலமுனையில் பிறந்தார். வாப்பா கரைவலை இழுப்பவர். இருபது வயதில் ராத்தாவுக்கு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை எடுத்தார்கள். மச்சான் கைத்தறி நெய்பவர். வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டிலேயே இருவரும் வாழ்ந்தார்கள்.

கலியாணம் முடிந்த இரண்டாம் வருடம் உம்மாவின் வலது கண் சிவந்தது. கண்ணில் சூடு என்றால் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பன்னீர்தான். ராத்தா கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்து, காலையும் மாலையும் பஞ்சில் நனைத்து உம்மாவின் கண்ணில் விட்டார். பத்து நாளாகியும் சிவப்பு இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று அவரே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்ணுக்குள் புண் முற்றியிருந்தது. அந்தப் பன்னீர் கலியாண வீட்டில் தெளிப்பதற்காக வாசனை கலந்து செய்தது என்று டொக்டர் போத்தலைக் காட்டிச் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

உம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்றார். ராத்தாவால் அப்படிச் சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை. பல நாள் உம்மாவின் முகத்தைப் பாராமலே சோறு போட்டுக் கொடுத்தார். பிறகு மச்சானிடம் கேட்டுக்கொண்டு, அக்கரைப்பற்றில் ஒரு யூனானி வைத்தியரிடம் மருந்து இடிக்கும் வேலைக்குப் போனார்.

“தெரியாத வேலயச் செஞ்சிட்டன். இனித் தெரிஞ்சிட்டுத்தான் செய்வன்” என்றார் என்னிடம். ஆறு வருடம் பஸ்ஸில் போய் வந்தார்.

அதன் பிறகுதான் முற்றத்தில் ரோசா வைத்தார். வெயில் ஏறுமுன் பறித்த இதழ்களைப் பானையில் இட்டு, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பன்னீர் இறக்குவார். சீனியும் இதழும் அடுக்கி வெயிலில் வைத்துக் குல்கந்து செய்வார். பிள்ளை பெற்ற பெண்கள் வயிறு இறுகிக் கிடந்தால் அதில் ஒரு கரண்டி. வாய்ப்புண்ணுக்கு, காய்ந்த இதழ் அவித்த தண்ணீர். வேர்க்குருவால் அழும் குழந்தைகளின் முதுகுக்குப் பன்னீரில் நனைத்த துணி. கண்ணுக்கு மட்டும் கொடுக்கமாட்டார். கேட்டு வந்தவர்கள் முகம் சுளித்துப் போனதும் உண்டு.

சுனாமியில் கடல் ஏறி வந்தபோது வீட்டுச் சுவரில் பாதியும் ரோசாச் செடிகள் முழுதும் போயின. மண்ணில் உப்பு ஊறி, திரும்ப வைத்த கன்றுகளும் கருகின. மூன்று முறை வைத்தார்; மூன்று முறையும் கருகின. கடைசியில் சிமெந்துத் தொட்டிகளில் நான்கு செடிகளைத் தப்ப வைத்தார்.

அடுத்த அறுவடையின்போது இறக்காமத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். நெற்கதிரைப் பிரிக்கச் சூடடிக்கையில் நெற்சுணை கண்ணில் அடித்து மூன்று நாளாகியிருந்தது. நானும் அங்கே இருந்தேன். ராத்தா லேஞ்சித் துணியால் கண்ணீரைத் துடைத்துப் பார்த்தார். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பன்னீர் தரமாட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அந்த மனிதர் கோபத்தில் எழுந்தே விட்டார். இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேட்கவா, அடிக்காத நெற்சூடு வயலில் குவிந்து கிடக்கிறது, யானை இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது என்றார்.

“என்ட உம்மாட கண்ண நான்தான் குருடாக்கினன், காக்கா” என்றார் ராத்தா, அவரை அண்ணன் முறையில் அழைத்து. “எழும்புங்க. நானும் கூட வாறன்.”

அதுவரை வெளி மனிதர் எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. அந்த மனிதர் மனைவியோடு வாசலில் இறங்கி நின்றார். ராத்தா அபாயாவைப் போட்டு, வீட்டைப் பூட்டி, ஆட்டோ பிடித்து அவர்களைக் கல்முனைக்குக் கூட்டிப் போனார். இரண்டு வாரம் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பார்வை முழுதாக இல்லாவிட்டாலும் திரும்பி வந்தது. அடுத்த மாதம் அந்த விவசாயி ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் குளத்து மண் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார். அந்த மண்ணில் ரோசா பிடித்தது.

ஆனாலும் ஊரில் கதை வேறாக இருந்தது. வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் இவர் என்ன வைத்தியம் பார்க்கிறார் என்றார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள். ராத்தா தன் பழக்கத்தை மாற்றவில்லை; கண் நோயோடு வந்தவர்களோடு தானும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.

நான்கு வருடங்களுக்கு முன் ராத்தாவின் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. சாய்ந்தமருதிலிருந்து எங்கள் மாமி வந்து, கத்தி வைக்க விடாதே, இத்தனை பேருக்கு மருந்து கொடுத்த கையால் உனக்கும் செய்துகொள் என்று அழுதார்.

“பூவால ஏலுமான வேலயும் இரிக்கி, ஏலாத வேலயும் இரிக்கி, மாமி. நான் டொக்டர்ட்டப் போறன். நீங்க துஆக் கேளுங்க.”

கொழும்புக்கு நான்தான் துணைக்குப் போனேன். மருந்து ஏற்றியதும் வாயெல்லாம் புண். இதழ் அவித்த தண்ணீர் என் பையில் இருந்தும், டொக்டர் வரும்வரை ராத்தா அதைத் தொடவில்லை. டொக்டர் முகர்ந்து பார்த்து, எப்படிச் செய்தது என்று விசாரித்து, கொப்பளித்துத் துப்பச் சம்மதித்தார். பக்கத்துக் கட்டில் பெண்கள் கேட்டபோது, உங்கள் டொக்டரிடம் முதலில் கேளுங்கள் என்று சொல்லித்தான் ராத்தா பங்கு கொடுத்தார்.

ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். பிறகு நோய் திரும்பி வந்தது. வீட்டில் படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஒரு காலை, ஒரு பெண் கண் சிவந்த கைக்குழந்தையோடு வந்து நின்றார். ராத்தாவால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. என் கையைப் பிடித்தார்.

“நீ போ. அவங்களத் தனிய அனுப்பாத.”

மத்தியானம் நான் திரும்பி வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். பயமில்லை, சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்றேன். கண்ணை மூடி ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார். அதிலிருந்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்குக்கு முன், எங்களை விட்டுப் பிரிந்தார்.

மனைவியின் தலைமாட்டை விட்டு அகலாத மச்சானுக்கும், வைத்தியம் செய்த டொக்டர்மார், தாதிமாருக்கும், மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், கப்ர் வெட்டிய வாலிபர்களுக்கும், நாற்பது நாளும் எங்கள் அடுப்பு எரிய விடாமல் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக. ராத்தாவின் பேச்சு யாருக்காவது கடுமையாகப் பட்டிருந்தால் அவரை மன்னித்துவிடுங்கள்.

வாசலுக்கு வந்த நோயாளி எவரையும் அவர் தனியே அனுப்பியதில்லை. யா அல்லாஹ், கப்ரில் அவரை நீயும் தனியே விட்டுவிடாதே.