எஞ்சின் எண்ணெயைப் படித்த ஜெயசீலி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை பெருங்களத்தூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது ஜெயசீலி மேடத்தின் கணவர் அந்தோணி சாரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஜெயா போயிட்டா சார். அஞ்சரை மணிக்கு," என்றார். பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் பட்டறைக்குப் போன் செய்து, இன்றைக்கு எந்த எஞ்சினையும் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருட டயாலிசிஸுக்குப் பிறகு வந்த செய்தி. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால் எந்த லாபமும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜெயசீலி மேடத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் வேதியியல் படித்தவர். மசகு எண்ணெய் ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் ஓரறை ஆய்வகம் வைத்திருந்தார். ஓடிய எஞ்சினின் எண்ணெயில் என்னென்ன உலோகத் துகள்கள் கலந்திருக்கின்றன என்று பார்த்து, உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்வதே அவர் தொழில். வந்தவை பெரும்பாலும் ஜெனரேட்டர் எண்ணெயும் லாரி எண்ணெயும்தான். நான் பந்தயத் தடத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டித் தருபவன்.

முதன்முதலில் அவரிடம் போனபோது என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறையக் கறுத்த எண்ணெய் இருந்தது. பல் மருத்துவர் ஒருவரின் காரில் மூன்றாவது முறையாக எஞ்சின் போயிருந்தது. நான் பொருத்தியதில்தான் கோளாறு என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

மேடம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். "செம்பு ரொம்ப இருக்கு சார். கிராங்க் பேரிங் தேய்ஞ்சிருக்கு. ஆனா நீங்க தப்பாப் பொருத்தியிருந்தா ஒரு பேரிங்தான் போயிருக்கும். இது எல்லாமே போயிருக்கு. எண்ணெயே போய்ச் சேரலை," என்றார். ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டேன். "அது இங்க உக்காந்து எப்படித் தெரியும்? ஓடுறப்ப பாக்கணும்," என்றார்.

எஞ்சினை மறுபடி கட்டியதும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஓரமாக நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஹெல்மெட் கேட்டார்.

"இன்னா சார், அந்தம்மா உள்ள குந்தப் போறாங்களா?" என்று என் மெக்கானிக் செல்வம் வாயைப் பிளந்தான்.

மருத்துவர் ஓட்ட, மேடம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஆறு சுற்று போனார். தடத்தையோ எதிரில் வரும் திருப்பத்தையோ பார்க்கவில்லையாம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை மட்டுமே பார்த்தாராம். இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "மூணாவது திருப்பம். நீளமான வலது திருப்பம். முள்ளு கீழ விழுது. ரெண்டு செகண்டு. எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடுது, பம்ப் வெறுங்காத்தை இழுக்குது."

சாலையில் அப்படி ஒரு திருப்பம் வராது. அதனால்தான் சாலையில் பல வருடம் உழைக்கும் எஞ்சின், தடத்தில் ஒரு பந்தயப் பருவம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் எண்ணெய் ஒதுங்காதபடி தடுப்புத் தகடுகள் வைத்தோம். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது.

அடுத்து எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு கட்டட முதலாளியின் கார். போட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமையே மேடத்தின் அறிக்கை வந்துவிட்டது: செம்பு ஏறுகிறது, ஓட்ட வேண்டாம், எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள். பிரித்தால் இரண்டு வாரம் போய்விடும். "முடியாது" என்று முதலாளிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஒரு முறை சொல்லாமல் இருந்துவிட்டேன். அறிக்கையை மேசை டிராயரில் போட்டேன். "ஓடும்" என்றேன்.

ஒன்பதாவது சுற்றில், நேர்பாதையில், உள்ளே உடைந்த இரும்பு எஞ்சின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தடமெல்லாம் எண்ணெய். பின்னால் வந்த கார்த்திக் என்ற ஓட்டுநரின் கார் அதில் வழுக்கித் தடுப்பில் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவருக்கு வயது இருபத்தாறு.

போட்டி நடத்தியவர்கள் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எண்ணெய்ப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார்கள். "அனுப்பினோம், அறிக்கை வர லேட்டாயிடுச்சு," என்றேன். பிறகு மேடத்தைக் கேட்டார்கள்.

"புதன்கிழமையே கொடுத்துட்டேன். ஓட்டாதீங்கன்னு எழுதியிருந்தேன். சார் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பருவம் முழுக்க என்னை விலக்கி வைத்தார்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனார்கள். எனக்கு ஆனது சரி. ஆனால் 'வம்பு பிடித்த அம்மா' என்று சொல்லி மேடத்திடமும் பந்தயக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

விசாரணை முடிந்த திங்கட்கிழமை பட்டறை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. மேடம் வழக்கமான துணிப்பையோடு இறங்கினார். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அதை என்கிட்ட கேக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையன்கிட்ட கேளுங்க," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே ரிப்போர்ட் ஓட்டுறவர் கைக்கு நேரா போகும். உங்களுக்குக் காப்பி. சரியா? அடுத்து எந்தக் கார் போகுது?"

கார்த்திக்கைப் போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுவாரமும் போனேன்.

கடைசி இரண்டு வருடம் மேடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஆய்வகம். சில நாள் அவரை அஸ்தினாபுரம் வீட்டில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்: "எஞ்சின் ஏன் உடையுதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அரை மணி நேரம் முழு வேகத்துல விரட்டுறாங்க, நிறுத்தினதும் அப்படியே அணைச்சிடுறாங்க. கடைசி ரவுண்டு மெதுவா ஓட்டி ஆறவிடச் சொல்லுங்க சார். எண்ணெயை அடிக்கடி மாத்தச் சொல்லுங்க. வேற ரகசியமே இல்லை."

"சொன்னா எங்க மேடம் கேக்குறாங்க?"

"திரும்பச் சொல்லுங்க. எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு."

புதன்கிழமை மாலை தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். பந்தய உலகிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். எல்லோரும் கலைந்த பிறகு வீட்டு வாசலில் அந்தோணி சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஜெயா என்ன வேலைதான் பாத்தா? எண்ணெய் டெஸ்டுன்னு தெரியும். அதுக்கு மேல எனக்குப் புரியவே இல்லை."

நான் சொன்னேன். டிராயரில் போட்ட அறிக்கையையும், நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். அவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் வீட்டுல சொல்லவே இல்லையே," என்றார். "ஆனா உங்களைப் பத்திப் பேச்சு வந்தா ஒண்ணு சொல்லுவா."

"என்ன சொல்வாங்க?"

"'மெதுவாத் திருந்துற மனுஷன். ஆனா திருந்துறாரு.'"

சொல்லிவிட்டு எழுந்தார். அவர் வெள்ளைக் கால்சட்டையின் ஓரத்தில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தார். போகவில்லை. அப்படியே உள்ளே போனார்.

மேடம், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் போக வேண்டும். அதன் எண்ணெயைப் பார்த்துச் சொல்ல யாருமில்லை. அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கத்துகிறார்கள். கத்தட்டும். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.