கப்பல் காட்டியவளின் கதவு

கப்பல் காட்டுகிற வேலையில் சேர்ந்தால் முதலில் கூர்மையாவது காதுதான். இப்போது, இருட்டினபின், கடற்பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம். இரும்பை யாரோ கல்லில் இழுப்பதுபோல. மகள் தூக்கத்தில் சிணுங்கினாள். நங்கூரச் சங்கிலியாகத்தான் இருக்கவேண்டும்.

விழாவுக்காகக் கற்பிட்டிக்கு வந்த பழைய பாணிப் பாய்க்கப்பல் இன்றிரவு புறப்படுகிறது. நான் அதில் விளக்கம் சொன்னவள். ஆட்களைப் படகில் ஏற்றி இறக்கியவர் என் கணவர் அன்ரன். கிழிந்த பாயொன்றை அவர் தைத்த விதத்தைப் பார்த்த கப்டன், ஆறு மாதம் எங்களோடு வா என்று கேட்டுவிட்டார். பதில் சொல்லத்தான் போயிருக்கிறார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட மனமில்லை. போடாமல் இருக்கவும் பயம். பயம் போக எழுதுகிறேன். வந்தவர் போனவருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு விளக்கம் சொல்லிப் பிழைப்பவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

ஐஸ் பெட்டி

முந்தலில் இருந்து ஓர் இறால் பண்ணை முதலாளி வந்தார். பாய்மரத்தைத் தட்டினார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்த வரலாறு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. "ஐஸ் பெட்டி எங்க தங்கச்சி?" என்றார். இது மீன் பிடிக்கிற கப்பலில்லை ஐயா, கடல் பாரம்பரியம் காட்டுகிற கப்பல் என்றேன்.

"கடலுக்குப் போய் மீனில்லாம வாறதுதான் பாரம்பரியமா? அத எங்கட பொடியன்மார் தினமும் செய்யிறானுகளே!"

வீரம்

நான் படித்த கன்னியர் பாடசாலையிலிருந்து பிள்ளைகளை சிஸ்டர் கூட்டிவந்தார். அன்றைக்குப் பார்த்துக் கடல் கொஞ்சம் துள்ளியது. அலைக்கு அஞ்சாத மாலுமிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் வசனத்தை முடிக்கவில்லை. ஓடிப்போய் விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிஸ்டர் என் முதுகைத் தடவினார்.

"பேச்சுப் போட்டியில உனக்குப் பரிசு தந்தது பிழையில்லை பிள்ளை. அந்த அலைக்கு அஞ்சாத வசனத்தை மட்டும் நீயே நம்பேல்லை."

பொஞ்சாதிமார்

தில்லையடியிலிருந்து வந்த உம்மா ஒருவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தட்டுக்கு இறங்கினார். மாலுமிகள் படுக்கும் பலகையைக் கையால் அளந்தார். "மையித்து தூக்குற சந்தூக்கு இதவிட அகலம்" என்றார். பிறகு, இவர்களுடைய மனைவிமார் எங்கே என்று கேட்டார். கரையில் காத்திருப்பார்கள் என்றேன். "ஓங்கட மாப்புள?" உங்களைப் படகில் கொண்டுவந்தவர்தான், கப்டன் அவரையும் கூப்பிடுகிறார் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஆடிவிட்டது. உம்மா என் முகத்தையே பார்த்தார்.

"கயிறு, கம்பம், ஆணி எல்லாம் காட்டுறீங்க புள்ள. அந்தப் பொஞ்சாதிமார ஒருத்தரும் காட்ட மாட்டாங்களே."

சத்தம் நின்ற பிறகு

சங்கிலிச் சத்தம் நின்றுவிட்டது. நங்கூரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். விளக்கைக் குறைத்துவிட்டு மகளை அணைத்துக்கொண்டு இருந்தேன். மணலில் காலடி. கதவு தள்ளுப்பட்டது. கையில் கிடைத்த அகப்பையோடு எழுந்தேன்.

அன்ரன். இடுப்புவரை நனைந்திருந்தார். அகப்பையைப் பார்த்தார்.

"என்ன, அடிக்கப் போறியோ?"

"கப்பல் போயிட்டுதே?"

"ஓம்."

"நீங்க போகேல்லையா?"

சேட்டு நுனியைப் பிழிந்தார்.

"போகத்தான் நினைச்சன். அந்தத் தில்லையடி உம்மா படகால இறங்கேக்க ஒண்டு கேட்டவ. கப்டனுக்கு முன்னால நிக்கேக்கயும் அதுதான் காதுக்க நிண்டது. 'தம்பி, கப்பலெல்லாம் பாத்தம். ஓங்கட பொஞ்சாதிட முகத்த நீங்க பாத்தீங்களா?'"

விழா முழுக்க அந்தக் கப்பலின் பெருமையை ஊருக்கெல்லாம் சொன்ன நான், அதில் போகாமல் திரும்பி வந்த ஒரேயொருவரை உள்ளே விட்டு, ஒருவழியாகத் தாழ்ப்பாளைப் போட்டேன்.