நங்கூரத் திடலின் காவல்காரர்

வலையின் கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல் போன பிறகு தாமோதரன் கடலுக்குப் போகவில்லை. துடுப்பு பிடிக்க முடியாதவனை எவன் கட்டுமரத்தில் ஏற்றுவான்? அதன்பின் அவர் வீட்டில் உலை கொதித்ததென்றால் அதற்குக் காரணம் அவருடைய தம்பி துளசிங்கம். தன் பங்கு மீனில் பாதியைக் கூடையில் போட்டு அண்ணன் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாமோதரன் அதை மறந்துவிட்டார் என்று ஊர் பின்னால் பேசியது. அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருப்பார்.

ராயபுரத்தில் நாலு தெரு கூடுகிற இடம் நங்கூரத் திடல். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ கப்பலிலிருந்து கழற்றி வைத்த நங்கூரம் நடுவில் துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு பக்கம் மாதா கோயில் தெரு, எதிர்ப்பக்கம் மீனவர் குப்பம். துறைமுகத்து லாரிகள் திடலின் குறுக்கே புழுதி பறக்கப் போகும். அவற்றுக்கு ரோடு, திடல், மனுஷன் எல்லாம் ஒன்றுதான்.

அந்தத் திடலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடலில் செத்தவனை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் குப்பத்தில் கிடையாது. நங்கூரத்துக்குப் பக்கத்தில் மணலில் கிடத்துவார்கள். வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டுவந்து மேலே ஊற்றுவார்கள். உப்புத் தண்ணியில் மூச்சை விட்டவன் உப்போடு மண்ணுக்குள் போகக் கூடாது என்பார்கள். மாதா கோயில் தெருப் பெண்களும் குடத்தோடு வருவார்கள். குழாயில் சொட்டுத் தண்ணி வராத நாளிலும் அந்தக் குடம் மட்டும் எப்படியோ நிறைந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திடலைப் பூங்காவாக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் வந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பொய் சொல்லக் கூடாது. குப்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றும் கேட்டார்கள். குழாய் வேண்டும், விளக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டும் என்று சொன்னார்கள். பிணம் கிடத்த இடம் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் சாவைப் பற்றி வாயைத் திறப்பார்களா? கடலுக்குப் போகிற சனம், அதை வாயால் சொல்லவே பயப்படும். அந்தப் பயம்தான் அவர்களைக் கவிழ்த்தது.

வேலை மளமளவென்று நடந்தது. லாரிகள் திடலுக்குள் நுழையாமல் சுற்றிப் போகப் புது ரோடு போட்டார்கள். நடக்கிறவர்களுக்குக் கல் பாவிய பாதை, சிமெண்ட் பெஞ்சு, புங்கங்கன்றுகள், நடுவில் பச்சைப் புல். நங்கூரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். சுற்றிலும் கம்பி வேலி, ஒரே ஒரு கேட்டு. தோட்டக்காரரும் காவல்காரரும் ஒரே ஆள், நம் தாமோதரன். தற்காலிக வேலைதான். ஆனாலும் தம்பியின் கூடையை எதிர்பார்க்காமல் சோறு தின்னலாம் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இந்தாப்பா, விழா முடியற வரைக்கும் புல்லு மேல ஒரு காலு படக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர் தண்டபாணி. "பட்டுச்சுன்னா நிரந்தரம் கிரந்தரம்னு எங்கிட்ட வந்து நிக்காதே."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் குப்பத்து முத்தம்மாவின் புருஷனைக் கடல் பிணமாகத் திருப்பிக் கொடுத்தது. ஊரே தூக்கிக்கொண்டு வந்து கேட்டின் முன்னால் நின்றது.

"கேட்டைத் தொறடா தாமு" என்றாள் முத்தம்மா.

"சாவி மேலதிகாரிகிட்ட கீதுக்கா. நா இன்னா பண்ணட்டும்?"

சாவி அவர் இடுப்பில் இருந்தது. உடலைத் தூக்கி வந்தவர்களில் துளசிங்கமும் ஒருவன். வேட்டி மடிப்பில் சாவி புடைத்துக்கொண்டு நின்றதை அவன் பார்த்தான். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ரோட்டுலயே எறக்குங்கபா" என்றான்.

வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரம் கிடத்தினார்கள். துறைமுகத்து லாரிகள் அந்தப் புது ரோட்டில்தானே வர வேண்டும்! ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கச் சொல்லின. குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் மேல் சக்கரம் ஏறி, சேறு முத்தம்மாவின் முகத்தில் அடித்தது. உள்ளே தாமோதரன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சியை ஊர் மன்னிக்கவே இல்லை.

மறுநாள் ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். துளசிங்கம் வரவில்லை. அண்ணன் வீட்டுப் பக்கமும் அதற்குப் பிறகு வரவில்லை. தாமோதரன் இரண்டொரு தடவை தேடிப் போனார். "ஒரு நாளு விவகாரம்டா, விழா முடிஞ்சிருந்தா தொறந்துவுட்டிருப்பேன்" என்றார். தம்பி தலையைக் குனிந்து வலை பின்னிக்கொண்டே இருந்தான்.

அந்த ஐப்பசி மழையில் துளசிங்கத்தின் கட்டுமரம் கவிழ்ந்தது. திருவொற்றியூர்க் கரையில் ஒதுங்கிய உடலை, அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்த பிறகு, ஊர் கொண்டுவந்தது.

யாரும் கேட்பதற்கு முன்பே தாமோதரன் கேட்டை அகலத் திறந்துவைத்தார். நங்கூரத்தின் பக்கத்தில் புல்லைத் தன் கையாலேயே தடவிக் கல்லும் முள்ளும் பொறுக்கினார். தண்டபாணி ஓடிவந்து, "பார்க்குக்குள்ள பொணத்த வுட்டா வேலை போயிடும்யா!" என்று கத்தினார்.

"போவட்டும் சார். எந்தம்பி சார்" என்றார் தாமோதரன். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் கூட்டம் கேட்டைத் தாண்டிப் போயிற்று. சாக்கடை ஓரம் இறக்கியது. தாமோதரன் ஓடிப்போய்த் தம்பி மனைவி கன்னியம்மாவின் முன்னால் நின்றார்.

"இன்னாம்மா இது? கேட்டு தொறந்துதான கீது. உள்ள கொண்டாங்க."

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு மாமா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, முத்தம்மாக்கா வூட்டுக்காரரு படுத்த எடத்துலயே போடுங்க, எங்கண்ணன் வேலைக்கு என்னால கெடுதல் வர வாணாம்னாரு."

தாமோதரன் உள்ளே ஓடி, பூங்காக் குழாயில் ஒரு குடம் நிறைத்துக்கொண்டு வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. கன்னியம்மா மட்டும் விலகவில்லை. குடத்தின் வாயைக் கையால் மூடினாள்.

"இந்தத் தண்ணி அந்தப் புல்லுக்குத்தான் மாமா."

லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. நாலு பேர் சேர்ந்து துளசிங்கத்தை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார்கள்.

தாமோதரனுக்கு வேலை போகவில்லை. எப்படிப் போகும்? அன்றைக்குப் புல்லின் மேல் ஒரு கால்கூடப் படவில்லையே. தை மாதத்தில் அவரை நிரந்தரமாக்கினார்கள்.