அத்தை வைத்த பேர்

என் தம்பியின் பெயர் அவனுக்குத் தெரிந்த அதே நொடியில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் அத்தை.

அப்பாவின் தங்கையான அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சுதான் பிறந்ததிலிருந்தே வரவில்லை. தம்பி பிறந்த வருடம் அவளுக்கு ஒரு டேப்லெட் கிடைத்தது. படங்களைத் தொட்டால் பேசும், எழுதினால் வாசிக்கும். செல்லூரில் விசைத்தறிக் கூடத்தில் அவளுக்கு வேலை. டேப்லெட்டை வைத்து முதலாளியிடமே சண்டை போடுகிறாள் என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தம்பிக்குப் பேர் வைக்கும் நாள் வந்தது. குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது எங்கள் வழக்கத்தில் அத்தையின் உரிமை. அவள் பட்டுச்சேலையும் டேப்லெட்டுமாக வந்து உட்கார்ந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார்.

“மெஷினு சொன்னா அது மெஷினு வச்ச பேருல்லப்பா? மூத்ததுக்குச் சொன்ன மாதிரி சித்தி மகளையே சொல்லச் சொல்லு.”

மூத்தது என்றது என்னை. அத்தைக்குப் பேச்சு வராததால் என் காதில் பெயரைச் சொன்னது அப்பாவின் சித்தி மகள். அப்பா பதில் சொல்வதற்குள் அத்தையின் விரல் மூன்று படங்களைத் தொட்டது.

“அண்ணன். கண்ணாடி. கழட்டு.”

பெரியப்பா விழித்தார். அப்பா சிரித்துவிட்டார்.

“கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறீகளே, படிக்கிறது நீங்களா கண்ணாடியான்னு கேக்குறாண்ணே.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அத்தை தம்பியை மடியில் வாங்கி, டேப்லெட்டை அவன் காதருகே கொண்டுபோய்த் தொட்டாள். தறிச் சத்தத்துக்காகக் கூட்டி வைத்திருந்த ஒலியைக் குறைக்க மறந்திருந்தாள். “கதிரவன்” என்று அது போட்ட போட்டில் தம்பி வீறிட்டான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “நல்ல பேருப்பா” என்றார்.

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஒலியைக் குறைத்து, மீதி இரண்டு தடவையும் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டான். பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை நிமிர்ந்து பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டமாக இருந்தது.

பந்தி முடிந்ததும் அத்தை என்னைக் கைகாட்டி அழைத்தாள். மடியில் இழுத்து உட்காரவைத்து, டேப்லெட்டில் ஏதோ எழுதி, என் காதில் வைத்தாள். அது மெதுவாக என் பெயரைச் சொன்னது. மறுபடியும் சொன்னது. மூன்றாவது தடவையும் சொன்னது. எனக்குக் காது கூசியது.

“எனக்குத்தான் பேர் வச்சாச்சே அத்தை” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டம்ளர் பாயசத்துக்கு ஓடினேன்.

அத்தை எனக்குப் பேர் வைத்ததே அன்றுதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.