நிறுத்தறதுக்கு மட்டும் அதிகாரம்

ஊட்டுக்கு பிளான் வரையறது என் தொழில்ல பாதிதானுங்க. மீதிப் பாதி, அதுல கையெழுத்துப் போடற அதிகாரம் யாருக்குன்னு ஆபீசு ஆபீசாத் தேடறது. ஊடு கட்டி நொந்துபோன உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியோணுமா?

நல்ல நாள்

அன்னூர்ப் பக்கம் மரகதக்கா, பனியன் கம்பெனி டெய்லர். பழைய ஓட்டு ஊட்டை இடிச்சுப்போட்டு, அந்த எடத்துலயே ஒரு ஓரமாத் தகரக் கொட்டாய் போட்டு ரெண்டு பிள்ளைகளோட இருந்தாங்க. ஐப்பசி மழைக்கு முந்தி புது ஊட்டுக்குக் கூரைக் கான்கிரீட் போட்டாகோணும். பிளானை ஊராட்சியில குடுத்துட்டு, அனுமதி கைக்கு வராம கடக்கால் தோண்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஊராட்சி செயலர் குறுக்க வந்து, "வாஸ்து நாளை விட்டா வராதுங்க்கா, அனுமதி எங்க போயிரும்?"ன்னார்.

போயிருச்சு

போயே போயிருச்சுங்க. செவுரு லிண்டல் உசரம் வந்தப்ப, ஊராட்சியை நகராட்சியோட சேர்த்துப்போட்டாங்க. செயலர் எங்க பைலை நகராட்சிக்கு அனுப்பிட்டு ஒதுங்கிக்கிட்டார். நகராட்சியில கேட்டா, புதுசாச் சேர்ந்த ஊருக்கு அனுமதி குடுக்கற அதிகாரத்தை அரசாங்கம் ஆணை போட்டுக் குடுக்கோணுமாம், ஆணை வரலையாம். வரி கேக்கறதுக்கு மட்டும் மொத நாளே வந்துருச்சு! அப்ப அந்த ஊருக்கு அனுமதி குடுக்கறது இப்ப யாருதான்னு கேட்டேன். ஆபீசர் பொறுமையா, "இன்னைக்கு நெலமைக்கு யாரும் இல்லீங்க அம்மணி"ன்னார்.

யாரும் இல்லாத ஊருக்கு நோட்டீஸ்

அடுத்த வாரமே அதே ஆபீசர் கையெழுத்தோட செவுத்துல நோட்டீஸ். அனுமதியில்லாத கட்டடமாம், வேலையை நிறுத்தோணுமாம். மேஸ்திரி சாமானை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். குடுக்க இல்லாத அதிகாரம் நிறுத்த மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சுன்னு நேராவே போய்க் கேட்டேன். அது சட்டத்துலயே இருக்குதாம், தனி ஆணை வேண்டாமாம். சரி, நோட்டீஸையாச்சும் திருப்பி எடுத்துக்குங்கன்னேன். "எடுக்கோணும்னா உங்ககிட்ட அனுமதி இருக்கோணுங்களே"ன்னார்.

மழை

ஐப்பசி மழை சொன்னபடி வந்துருச்சு. காத்து கொட்டாய்த் தகரத்தைப் பிச்சுக்கிட்டுப் போக, மரகதக்கா கூரையில்லாத புது ஊட்டுக்குள்ள தார்ப்பாயைக் கட்டி, பிள்ளைகளோட உக்காந்துட்டாங்க. பார்வையிட வந்த ஆபீசர், அனுமதியில்லாத கட்டடத்துல குடியிருக்கக் கூடாது, காலி பண்ணுங்கன்னார். அக்கா குரலைக்கூட உசத்தலை. "சரிங்க சார். எங்களைப் போகச் சொல்ற அதிகாரம் உங்களுக்கு இருக்குது. எங்க போறதுன்னு சொல்ற அதிகாரம் யாருகிட்ட இருக்குதுங்க? அவிங்களைப் போய்க் கேட்டுக்கறேன்."

அதுக்கும் ஆணை வரோணுமாட்ட இருக்குது. அதுவரைக்கும் நானும் அந்தத் தார்ப்பாய்க்கு ஒரு பிளான் வரைஞ்சு வெச்சுக்கிட்டு, கையெழுத்துப் போட ஆள் தேடிக்கிட்டு இருக்கறேனுங்க.