கார்டு ரூமில் சரிபார்த்தது யார்?

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறிப் போய் விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆரோக்கியமேரிக்கு நடந்தது இது. பைபிள் மேல் கை வைத்துச் சொன்னாள். பொய் சொல்கிற ஜென்மம் இல்லை அவள்.

1978ஆம் வருஷம். ஓர் இரும்புக் கம்பெனியின் கார்டு ரூமில் அவளுக்கு வேலை. தொழிலாளிகளின் வருகைக் கணக்கை அட்டைக் கார்டுகளில் துளை துளையாகப் போட வேண்டும். கார்டுகள் பெட்டி பெட்டியாக மெட்ராஸ் போகும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் அவற்றைப் படிக்கும்.

ஒருத்தி துளை போட்டால், இன்னொருத்தி பக்கத்து மிஷினில் அதே கார்டை மறுபடி தட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போனால் அந்த மிஷின் கார்டின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போடும். தப்பென்றால் மேல் ஓரத்தில் வெட்டும். அதுதான் முறை. ஆனால் சரிபார்க்க ஆளே போடவில்லை, அந்த மிஷின் சும்மா கிடந்தது. மேனேஜர் துளசிராமன் எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர்.

"நீயே அடி, நீயே பாரு. இன்னா இப்ப?"

"ரெண்டு பேர் வேலை சார். அதுவும் நான் செஞ்ச தப்பு என் கண்ணுக்கே தெரியாது சார்."

"முடியாதுன்னா சொல்லு. வெளியில நூறு பேர் நின்னுகினு இருக்காங்க."

என்ன பேச்சு பாருங்கள்! பொங்கலுக்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். மெட்ராஸிலிருந்து தப்பு என்று கார்டு திரும்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அப்பா தாவீது காலமெல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்தவர். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் ஆள் இவள். தங்கை படிப்பதும் இவள் சம்பளத்தில்தான்.

மேரிக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். ரயிலில் நிற்கவே இடமில்லை. சாப்பாட்டு நேரத்தில் படிக்கலாமென்றால் கார்டு குவிந்து கிடக்கும். வாடகை நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலை, கொலை செய்தது யாரென்று தெரியாமலே திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுத்து வந்திருந்தாள். எரிச்சல் வராதா?

ஜூலையில் ஒரு பகல். மணி 1.10. கரண்ட் போனது. மிஷின் நின்றது. அப்பாடா என்று வராந்தாவில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

நறுக்... நறுக்... நறுக்...

உள்ளேயிருந்து வந்தது. எலி! கார்டைக் கடித்துவிட்டால் வேலை போச்சே என்று ஓடினாள்.

எலி இல்லை. அவள் மேஜையில் போட்டு வைத்த கார்டுகள், சரிபார்க்கும் மிஷின் மேல் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் வெட்டு. ஒன்றில் மட்டும் மேல் ஓரத்தில். எடுத்துப் பார்த்தாள். இரவு ஷிப்டைப் பகல் ஷிப்ட் என்று அடித்திருந்தாள்.

மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் இன்னும் வரவில்லை.

யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்று அனுப்பிவிடுவார்கள். பேய்க்குப் பயந்தால் வீட்டில் உலை கொதிக்குமா? தப்பைத் திருத்தினாள். பெட்டியில் அடுக்கினாள்.

மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும். அவள் வராந்தாவில் உட்கார்ந்தால் போதும்...

நறுக்.

திரும்பினால் நின்றுவிடும்.

புத்தகத்தைப் பார்த்தால்...

நறுக்.

நாவலை முடித்தாள். கொலைகாரன் பெயர் மனதில் நிற்கவேயில்லை.

நவம்பரில் மிஷின்களைப் பழுது பார்க்க மெட்ராஸிலிருந்து அருணகிரி என்பவர் வந்தார். சரிபார்க்கும் மிஷினின் மூடியைத் திறந்தார்.

"இதுல வெட்டுற பிளேடே இல்லியே சார். போன வருசமே கழட்டிக்கினு போயிட்டமே."

துளசிராமன் மேரி பக்கம் திரும்பினார்.

"கத்திரிக்கோல்ல வெட்டிக்கினு என்னை ஏமாத்துனியா? இன்னிக்கே உன் சீட்டு கிழியுது பாரு."

"மாதா சத்தியமா நான் இல்ல சார்!"

அருணகிரி ஒரு கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"வெட்டுனது இல்ல சார்... கடிச்சிருக்கு."

மேரி கையில் வெற்றுக் கார்டைத் திணித்து, கடி என்றார் துளசிராமன். மனுஷனா அவர்! அழுதுகொண்டே கடித்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவள் பல் பெரியது. அந்தப் பல்...

அரிசி அரிசியாக இருந்தது.

பால்பல்.

துளசிராமன் பெட்டியை மூடினார்.

"மெட்ராஸ்ல இருந்து ஒரு தப்புகூட வர்ல இல்ல? வேலை நடக்குது. வெளியில மூச்சு உடாத."

பொங்கலுக்கு முன் மேரிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதோடு, சரிபார்க்க ஆள் தேவையில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். பேயிடமும் ஓசியில் வேலை வாங்குகிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

மார்ச் மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன். சாயங்கால ரயிலுக்கு நின்றவளை அருணகிரி ஓரமாகக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்ல எல்லாப் பெட்டியும் எடுத்துப் பாத்தேம்மா. ஜூலைல பால்பல்லு. டிசம்பர்ல... முன்பல்லு ரெண்டும் இல்ல. விழுந்திருக்கு."

"இப்ப?"

"முளைச்சிருக்கு. பெரிய பல்லு."

ரயில் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

"அது வளருதும்மா... நீ அங்க இருக்காத. வேற வேலை பாத்துக்க."

மேரி கிளம்புகிற ரயிலையே பார்த்தாள்.

"பர்மனென்ட் ஆயிட்டேன் சார்."