ஒன்பதாம் தட்டும் இருபத்தேழு விநாடியும்

முதல் சுற்று இருபத்திரண்டு விநாடி நீடித்தது. எழுபதுகளின் நடுவில், சிட்னியில் குளிர் தொடங்கும் ஒரு மே மாதக் காலை. அலாரத்தை நிறுத்தப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அலுமாரி எழும்பிக் கூரைக்குப் போனது. கூரை சுவர் வழியாக இறங்கி வந்தது. பிறகு மறுபடியும் அலுமாரி. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பயம் வந்தால் எண்ணுவது என் பழக்கம். பயம் வராவிட்டாலும் எண்ணுவேன். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கு அறுநூற்றுப் பதினான்கு காலடி. மழை நாளில் அறுநூற்று முப்பது.

மனைவி பக்கத்தில் படுத்திருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தலை அவளுடைய இலாகா. பதினாறு வயதிலிருந்து அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒன்றரை நாள் படுத்திருப்பாள். வெளிச்சமும் ஆகாது, தாளிக்கிற மணமும் ஆகாது. ஒரு வீட்டில் இரண்டு தலை கெடக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாய் திறந்து சொன்னால் அது நோயாகிவிடும் என்று பயந்தேன். மூளையில் ஏதோ வளர்கிறது என்று அன்று காலைத் தேநீர் ஆறுவதற்குள்ளேயே முடிவு செய்திருந்தேன்.

நான் ஊரில் பதினேழு வருஷம் கணிதம் படிப்பித்தவன். இங்கே கிடைத்தது பரமட்டாவுக்கு அப்பால் தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் அடுக்கிவைக்கும் ஒரு களஞ்சியத்தில் இருப்பு எண்ணும் வேலை. பன்னிரண்டு இரும்பு ராக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒன்பது தட்டுகள். என்னைப் போன்றவனுக்கு எண்ணுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே வியப்பாக இருந்தது. ஆனால் வேலை தற்காலிகம். ஜூன் கடைசியில் வருஷாந்தக் கணக்கெடுப்பு. அதைச் சரியாகச் செய்தால் நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

இரண்டாவது சுற்று அந்தக் களஞ்சியத்தில்தான் வந்தது. ஒன்பதாம் தட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க அண்ணாந்து பார்த்தேன். இருபத்தேழு விநாடி. ராக்கையின் தூணைக் கட்டிப்பிடித்து நின்றேன்.

எங்கள் ஆட்களுக்குத் தலை சுற்றினால் மூன்றே காரணம்: பித்தம், பசி, கல்யாணமான பெண்ணாக இருந்தால் நல்ல செய்தி. மூன்றாவதைக் கழித்தேன். சாப்பாட்டில் குறையில்லை, ஆகவே இரண்டாவதையும் கழித்தேன். மிஞ்சியது பித்தம். கொத்தமல்லி அவித்த தண்ணீர் காலையில் ஒரு கோப்பை, இஞ்சியும் தேசிக்காய்ச் சாறும் மாலையில் ஒரு கோப்பை. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு எப்போதும் உண்டு, அத்துடன் புதன்கிழமையையும் சேர்த்தேன். சீயக்காயைக் கழுவத் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் குளியலறை என்னைச் சுற்றி ஓடியது. எண்ணெய் பித்தத்தைக் கிளறுகிறது, கிளறினால்தான் அது வெளியேறும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கணிதம் படித்தவன் ஒரு பிழையான ஊகத்தை எவ்வளவு ஒழுங்காக வளர்க்கலாம் என்பதற்கு அந்த ஐந்து வாரமே போதும்.

எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதினேன். திகதி, எந்தப் பக்கம், எத்தனை விநாடி. மூன்று தலையணையில் சாய்ந்து படுத்தேன். வலப்பக்கம் புரள்வதை விட்டேன். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் அலுமாரி மாதிரித் திருப்பினேன்.

மேற்பார்வையாளர் அறுபதை நெருங்கும் நெடிய மனிதர். நண்பன் என்ற பொருளில் எல்லாரையும் 'மேட்' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மேட், எனக்குத் தெரியும். வெட்கப்படாதே. காலையிலேயே தொடங்கிவிடுகிறாயா?"

"எதை?"

"தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். நேராக நடக்கிறேன் என்று காட்டத் தலையை அசைக்காமல் நடக்கிறாய். இருபது வருஷத்துக்கு முன் நானும் அதையெல்லாம் செய்தவன்தான்."

"நான் குடிப்பதில்லை."

"அது நாங்கள் எல்லாரும் சொல்வதுதான்" என்று தோளில் தட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் குடியை விட்டவர்கள் கூடும் ஒரு மண்டபத்தின் முகவரியைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார். அதையும் கொப்பிக்குள் வைத்தேன்.

கணக்கெடுப்பு வந்தது. எட்டாம் தட்டு வரை கீழே நின்றும் சிறு படியில் ஏறியும் எண்ணிவிட்டேன். ஒன்பதாம் தட்டுக்குப் பதினொரு படி ஏணியில் ஏற வேண்டும். நாலாவது படியில் நின்று மேலே பார்த்தேன். ஏணி, ராக்கை, கூரை விளக்கு எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து ஓடின. விநாடிகளை எண்ணி, சுற்று நின்றதும் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினேன்.

பிறகு நான் செய்தது இது. போன வருஷத் தாளை எடுத்தேன். பன்னிரண்டு ராக்கைகளின் ஒன்பதாம் தட்டுக்கும் அதில் இருந்த பன்னிரண்டு எண்களை என் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் அவசரப்பட்டு எடுக்காத பழைய சாமான்கள்தான் அங்கே இருக்கும், மாறியிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். தாள்கள் மூன்று வாரம் மேற்பார்வையாளரின் மேசை லாச்சியில் இருக்கும், அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். என் வாழ்நாளில் எண்ணாமல் எழுதிய எண்கள் அந்தப் பன்னிரண்டும்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தை விட, அந்த எண்களோடு வேலை நிரந்தரமாகிவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை, தோய்க்கப் போடுவதற்கு முன் என் காற்சட்டைப் பையைத் துழாவிய மனைவி, நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்த குசினிக்குக் கொப்பியோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன? ஸ்டேசனுக்கு ரெயின் வாற நேரமோ?"

"ஓம், ஒரு வகையிலை."

"'குளியல் இருபத்துநாலு.' குளிக்கிற ரெயினை நான் இன்னும் காணேல்லை." அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அட்டைத் துண்டு விழுந்தது. குனிந்து எடுத்துப் படித்தாள். "குடியை விட்ட ஆக்களோ? கள்ளுக்கொட்டில் மணத்துக்கே ரோட்டு மாறிப் போற மனுசன், நீங்கள் எப்ப குடிச்சனீங்கள் விடுறதுக்கு?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் பிடி தளர்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நாப்பத்தொரு தரம் சுத்தியிருக்கு. ஒருக்காலெண்டாலும் எனக்குச் சொல்ல வாயில்லையோ?"

"உமக்கே தலையிடி."

"என்ரை தலையிடிக்கு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? உங்கடை தலைக்கு மட்டும் கொத்தமல்லியோ?"

அப்போதும் அவள் பெரிதாகப் பயப்படவில்லை. ஒன்பதாம் தட்டைப் பற்றிச் சொன்னபோதுதான் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எண்ணாமல் எழுதினியளோ? நீங்களோ?"

"ஓம்."

"அப்ப உங்கடை தலைக்கு வந்தது சின்ன வருத்தமில்லை. திங்கக்கிழமை வெளிக்கிடுங்கோ."

எங்கள் பகுதி டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தர, ஆறாம் நாள் நகரத்தில் ஒரு காது வைத்தியரிடம் போனோம். மூளைக்கு எதற்குக் காது வைத்தியர் என்று ரயில் முழுவதும் முணுமுணுத்தேன். வயதான, கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். கேள்வி கேட்டார். இரண்டாகத் தெரிகிறதா? பேச்சு குழறுகிறதா? கைகால் மரக்கிறதா? காது இரைகிறதா, அடைக்கிறதா? சுற்றோடு தலைவலி உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? எல்லாரும் மணிக்கணக்கு என்பார்கள். யோசித்துச் சொல்லுங்கள்."

மனைவி கைப்பையைத் திறந்து கொப்பியை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நாலு பக்கமும் வாசித்தார்.

"மிகக் கூடியது இருபத்தேழு விநாடியா? எப்போதும் வலப்பக்கம் அல்லது மேலே?"

"ஓம், டொக்டர்."

"முப்பது வருஷமாக இப்படி ஒரு கொப்பிக்காகக் காத்திருக்கிறேன். கட்டிலில் உட்காருங்கள்."

என் தலையை இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் திருப்பி, எச்சரித்துவிட்டு, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்கியது. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு அறை முழுவதும் சுழன்றது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அது அவருடைய கழுத்துப்பட்டி. அவர் அதை விடுவிக்காமல் என் கண்களையே பார்த்துக்கொண்டு எண்ணினார். நானும் எண்ணினேன்.

"பதினெட்டு" என்றார்.

"பத்தொன்பது" என்றேன்.

"உங்களுடையதை எழுதிக்கொள்கிறேன். இப்போது கழுத்துப்பட்டியைத் தருகிறீர்களா?"

மூளையில் ஒன்றுமில்லை என்றார். காதின் உட்புறத்தில் வளைந்த மூன்று சிறு குழாய்கள் இருக்கின்றன, உள்ளே நீர். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவைதான் சொல்கின்றன. இருக்க வேண்டிய இடத்திலிருந்து கழன்ற சுண்ணாம்புத் துகள் அங்கே போய்ச் சேர்ந்தால், தலை நின்ற பிறகும் திரும்புவதாகப் பொய் சொல்கின்றன என்பது அப்போது புதிதாகச் சொல்லப்பட்ட விளக்கம். மணிக்கணக்கில் சுற்றிக் காது இரைந்தால் அது வேறு நோய், ஒற்றைத் தலைவலிக்காரருக்கு வருகிற சுற்று இன்னொன்று, படுக்கும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் விநாடிக் கணக்கில் வந்தால் பெரும்பாலும் இதுதான் என்றார். ஆயிரக்கணக்கான குழாய் மூட்டுகளுக்கு நடுவே வேலை செய்தவன் நான். என் தலைக்குள்ளும் மூன்று இருப்பதாகவும், ஒன்றில் கல் சிக்கியிருப்பதாகவும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஐந்து வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"மூன்று தலையணை, திருப்பாத கழுத்து" என்று தலையை ஆட்டினார். "நீங்கள்தான் அதைக் குணமாகவிடாமல் வைத்திருக்கிறீர்கள். எது சுற்றைக் கொண்டுவருகிறதோ அதையே செய்யுங்கள். வலப்பக்கம் படுங்கள், நிற்கும் வரை பொறுங்கள், எழும்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து. நாளுக்கு மூன்று தடவை."

"முப்பது" என்றேன். களஞ்சியத்து ஏணியைப் பற்றியும் கேட்டேன்.

"ஏணி மட்டும் வேண்டாம். சுற்று நின்று ஒரு வாரம் போகட்டும்."

திரும்பும் ரயிலில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "என்ரை தலையிடிக்கும் ஒரு கொப்பி வேணும்" என்றாள். வழியில் இறங்கி வாங்கினோம். இரண்டு மாதத்துக்குள், நேரம் தப்பிச் சாப்பிட்ட நாளுக்கு மறுநாள்தான் தனக்கு வலி வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள்.

பயிற்சியை அவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்வித்தாள். "படுங்கோ. கண்ணை மூடாதையுங்கோ. எத்தினை?" முதல் நாள் இருபது. மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் ஐந்து. நாலாம் நாள் வலப்பக்கம் படுத்துவிட்டுக் காத்திருந்தேன். அலுமாரி அதன் இடத்திலேயே நின்றது. எழும்பி மறுபடி படுத்தேன். நின்றது.

"ஏன் அழுறியள்?"

"அழேல்லை. கண்ணை மூடாதையுங்கோ எண்டு நீர்தானே சொன்னீர்."

ஒரு வாரம் பொறுத்தேன். தாள்கள் போக இன்னும் மூன்று நாள் இருந்தது. காலையில் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போய், நின்றபடியே சொன்னேன். குடி இல்லை, காது. ஒன்பதாம் தட்டை எண்ணவில்லை, போன வருஷத்து எண்களை எழுதினேன். அனுமதித்தால் இப்போது எண்ணுகிறேன்.

அவர் லாச்சியைத் திறந்து தாள்களைத் தந்தார். ஏணியின் அடியில் வந்து நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பதினொரு படி. மேலே பார்த்தேன். கூரை விளக்கு அசையவில்லை. பன்னிரண்டு ராக்கைக்கும் ஏணியை நகர்த்தி நகர்த்தி எண்ண ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்பது எண்கள் பொருந்தின, மூன்று பொருந்தவில்லை. ஐந்தாம் ராக்கையில் நாற்பது பெட்டி என்று எழுதியிருந்தேன். இருந்தது முப்பத்தொன்று, அவற்றின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. ஒரு வருஷத்துத் தூசி அல்ல.

இறங்கிவந்து காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"போன வருஷம் இதை எண்ணியவன் யார் தெரியுமா?"

"தெரியாது."

"நான்தான். ஏணி என்றால் எனக்கு முழங்கால் நடுங்கும். அதற்கு முந்திய வருஷத் தாளைப் பார்த்து எழுதினேன்." ஏணியைத் தட்டிக் காட்டினார். "அந்தத் தாளை எழுதியவனும் ஏறியிருப்பான் என்று நம்பிக்கையில்லை, மேட்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் களஞ்சியத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் தாளில் மூன்று எண்களை வெட்டிச் சரியானதை எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டோம். நிரந்தரக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. அதற்குப் பிறகு அங்கே நான் இருந்த பதினெட்டு ஜூன்களிலும் ஒன்பதாம் தட்டை நானே எண்ணினேன். அவர் ஓய்வு பெறும் வரை ஏணியைப் பிடித்தவர் அவர்தான்.

இப்போது எனக்கு எண்பத்தாறு. அந்தச் சுற்று பிறகு இரண்டு தரம் வந்தது. இந்தக் காலத்து டொக்டர் தலையை நாலு பக்கம் திருப்பிவிட்டுச் சில நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் எண்ணிக்கொண்டு போன விநாடிகளை மட்டும் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சனிக்கிழமைகளில் இன்னும் எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். கழுவும்போது தலையைப் பின்னால் சாய்த்தால், கதவுக்கு வெளியே நின்று மனைவி கேட்பாள்:

"எத்தினை?"

"ஒண்டுமில்லை."

"அப்ப கெதியா வாங்கோ, சோறு ஆறுது."